உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு மதிப்பெண் இல்லை

எங்கள் ஊர்க் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் எதைப் பெறுகிறார்களோ இல்லையோ, படிப்பு முடிவதற்குள் அப்பாவை இழந்துவிடுவார்கள். பதற வேண்டாம். அப்பாக்கள் எல்லாரும் சுகம். காலையில் வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்பி வந்து, கரண்ட் பில்லைப் பார்த்துக் கத்துகிற அளவுக்கு ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். இழப்பெல்லாம் தாளில் மட்டும்தான்.

அந்தத் தாளுக்கு 'இலக்கியம், சமூகம், சமயம், அறம்' என்று பெயர். கணக்குப் படித்தாலும் சரி, ரசாயனம் படித்தாலும் சரி, அந்தக் கட்டுரைத் தாளில் தேறாமல் பட்டம் கிடையாது. மனிதனை மனிதனாக்க வைத்த தாள் என்று கல்லூரி வாசலிலேயே எழுதி மாட்டியிருக்கிறார்கள். மனிதனாக ஆவதற்கு மூன்று மணி நேரம் தருகிறார்கள். முடியாதவர்கள் கூடுதல் தாள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி வருஷா வருஷம் மாறும். பதில் மாறாது. இலக்கியத்தின் பயன் என்ன என்று கேட்டாலும், சமூகம் எங்கே போகிறது என்று கேட்டாலும், 'சிறு வயதிலேயே தந்தையை இழந்த நான்' என்று தொடங்கி, 'ஆகவே, அறமே வெல்லும்' என்று முடிக்க வேண்டும். நடுவில் தாயின் கண்ணீர் ஒரு பக்கம், சமூகச் சீரழிவு ஒரு பக்கம். எந்தக் காலத்திலோ ஒரு மாணவன் இப்படி எழுதித் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டான். அதை மாதிரிக் கட்டுரை என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊரில் அப்பாக்களின் சாவு நிற்கவில்லை.

இதெல்லாம் எங்கள் ஊர் லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்குத் தெரியாது. வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழில். மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்று அவருக்கே விளங்கியது, மகளின் தேர்வு முடிவு வந்த அன்றைக்குத்தான்.

மகள் ஆய்வக நுட்பம் படித்தவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை தயாராக இருந்தது. பட்டச் சான்றிதழோடு வந்தால் சேர்ந்துகொள்ளலாம். வராவிட்டால் பின்னால் வரிசை நிற்கிறது. மற்ற தாளெல்லாம் தேறிவிட்டாள். இந்தக் கட்டுரை மட்டும் காலை வாரிவிட்டது.

"ரத்தத்துல பாஸ், சிறுநீர்ல பாஸ், அறத்துல ஃபெயிலா?" என்றாள் அம்மா. "என்னடி எழுதித் தொலைச்ச?"

"பொய் சொல்றது சரியா தப்பான்னு கேட்டிருந்தாங்க. அப்பாவைப் பத்தி எழுதினேன்."

லிஃப்ட்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "என்னைப் பத்தியா? என்னம்மா எழுதின, சொல்லேன்."

மகள் சொன்னாள். நிறைந்த நெஞ்சு அப்படியே காலியானது.

ஒரு நாள் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்ததாம். ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் ஒரு அம்மாள் தனியாக மாட்டிக்கொண்டு, மூச்சு முட்டுகிறது என்று அழுதாளாம். இவர் வாயில் கவளத்தோடு, "வந்துட்டேம்மா, கீழதான் நிக்கிறேன், பயப்படாதீங்க" என்றாராம். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாள். இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ஊரின் மறுகோடிக்குப் பைக்கில் பறந்தார். 'அப்பா சொன்னது பொய். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மாள் மூச்சு விட்டாள். அது சரியா தப்பா என்று மூன்று வருஷமாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை' என்று மகள் எழுதியிருந்தாள்.

"அடிப்பாவி, இதையா எழுதின? கம்பெனிக்குத் தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சுடுவாங்க!"

"அதுக்கெல்லாம் அவங்க மார்க் குறைக்கலப்பா. ஓரத்துல சிவப்பு மையில எழுதியிருக்காங்க, பாருங்க."

பார்த்தார். 'முடிவு இல்லை. தந்தை உயிருடன் உள்ளார்' என்று இருந்தது. இரண்டாவது வாக்கியத்தின் கீழே இரண்டு கோடு.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனார். அன்றைக்கு அங்கே லிஃப்ட் ஓடவில்லை. படியேறி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"யாரு நீங்க?" என்றார் கிளார்க்.

"இந்தப் பொண்ணோட அப்பா."

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பாவா? அப்பாங்க இந்தப் பக்கம் வர்ற வழக்கமில்லையே!"

"ஒருத்தர்கூட வந்ததில்லையா?"

"வருவாங்க. மாமான்னு சொல்லிக்கிட்டு வருவாங்க. நீங்களும் கொஞ்சம் வெளியில போயிட்டு மாமாவா வாங்களேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

லிஃப்ட்காரர் அசையாமல் நின்றார். கடைசியில் கிளார்க் பெருமூச்சு விட்டு, கட்டுரைத் துறைத் தலைவரின் அறையைக் காட்டினார்.

தலைவர் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். முகத்தைச் சற்றுநேரம் வாஞ்சையோடு பார்த்தார், கல்லறையைப் பார்க்க வந்தவர் மாதிரி.

"உங்க மேல எனக்குத் தனிப்பட்ட முறையில எந்த வருத்தமும் இல்லை. நீங்க உயிரோட இருக்கிறதை நான் மதிக்கிறேன். ஆனா மதிப்பெண் போட முடியாது."

"ஏன் சார்?"

"இழப்பு இல்லாம இலக்கியம் இல்லை. உங்க பொண்ணு எதை இழந்திருக்கா? ஒண்ணும் இல்லை. அப்பா இருக்கார், அம்மா இருக்காங்க, வேளாவேளைக்குச் சாப்பாடு. இப்படிப்பட்ட குடும்பத்துல இருந்து எப்படிங்க அறம் வரும்?"

"நடந்ததைத்தானே சார் எழுதியிருக்கா?"

"அதுதான் சிக்கலே. நடந்ததை எழுத ஆரம்பிச்சா ஆளுக்கு ஒண்ணு எழுதுவாங்க. அறுநூறு கட்டுரையில அறுநூறு உண்மை வந்தா யாரு உட்கார்ந்து படிக்கிறது? நாங்க கட்டுரையைப் படிக்கிறதில்லை. பார்க்கிறோம். தொடக்கம் பார்ப்போம், முடிவு பார்ப்போம். பழகின கண்ணுக்கு நடுவுல இருக்கிறது தானா தெரியும்."

"எல்லாரும் ஒரே கட்டுரையை எழுதினா அது காப்பி இல்லையா சார்?"

தலைவர் சிரித்தார். "ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதினா காப்பி. எல்லாரும் ஒண்ணைப் பார்த்து எழுதினா மரபு."

சுவரில் சட்டம் போட்டு ஒரு கட்டுரை தொங்கியது. பக்கத்தில் பதக்கத்தோடு ஒரு வாலிபனின் படம். மூக்கு தலைவருடையது.

"இது நீங்க எழுதினதா சார்?"

"ஆமாம். இன்னைக்கும் படிச்சா கண்ணு கலங்கும்."

"பாவம். உங்க அப்பா எப்ப சார் தவறினார்?"

"போன வருஷம்" என்றார் தலைவர்.

மனு போட்டதில் மறுபார்வைக் குழு கூடியது. நான்கு பேர். இலக்கியத்துக்கு ஒருவர், சமூகத்துக்கு ஒருவர், சமயத்துக்கு ஒருவர், அறத்துக்கு ஒருவர். ஒரே கட்டுரையை நான்கு பேர் நான்கு பக்கம் பிடித்து இழுத்தால்தான் நியாயம் கிடைக்கும் என்பது கல்லூரியின் நம்பிக்கை. லிஃப்ட்காரரை நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

"கண்ணீர் இல்லை" என்றார் இலக்கியத்தார். "அந்த அம்மா அழுறாங்க, சரி. ஆனா நிறுத்திடுறாங்க. நிறுத்தலாமா?"

"சமூகச் சாடல் எங்கே?" என்றார் சமூகத்தார். "லிஃப்ட் நின்னுது. அதே மாதிரி சமூகமும் நின்னுபோச்சுன்னு ஒரு வரி போட்டிருந்தா, கண்ணை மூடிக்கிட்டுப் பத்து மார்க் போட்டிருப்பேன்."

"நீங்க எப்பவுமே கண்ணை மூடிக்கிட்டுத்தானே போடறீங்க" என்றார் இலக்கியத்தார்.

சமயத்தார் கையமர்த்தினார். "மாட்டிக்கிட்ட அம்மா யாரைக் கூப்பிட்டிருக்கணும்? கடவுளை. ஆனா மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்காங்க. இது எங்க கொண்டுபோய் விடும்?"

"கீழ் தளத்துல விடும் சார்" என்றார் லிஃப்ட்காரர், பணிவாக.

அறத்தார்தான் பெரியவர். தொண்டையைச் செருமினார். "பொய் சொன்னவனுக்குத் தண்டனை கிடைச்சாகணும். அதுதான் அறம். லிஃப்ட் அறுந்து விழுந்திருக்கலாம்."

"உள்ள அந்த அம்மா இருந்தாங்களே சார்!"

"கட்டுரைக்குள்ளதானே?"

கொஞ்சநேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு இலக்கியத்தார் சமாதானமாக முன்னால் குனிந்தார். "இதோ பாருங்க. உங்களை முழுசா சாகச் சொல்லி நாங்க வற்புறுத்தலை. துணைத் தேர்வு ஒண்ணு வருது. படுத்த படுக்கையா இருக்கீங்கன்னு எழுதச் சொல்லுங்க. பாதி மார்க் போடறோம்."

"பாதியில பாஸ் ஆயிடுவாளா சார்?"

"ஆக மாட்டா. பேச்சும் போயிடுச்சுன்னா கொஞ்சம் ஏத்தலாம்."

"கால் மட்டும் உடைஞ்சிருந்தா?"

"கால் உடைஞ்சா நகைச்சுவை ஆயிடும்" என்றார் இலக்கியத்தார் வருத்தத்தோடு. "பேசாம போய்ச் சேர்ந்துடுங்க. ஒரே வரி. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

வீட்டுக்கு வந்து மகள் முன்னால் உட்கார்ந்தார். "என்னைக் கொன்னுடும்மா."

"போங்கப்பா."

"ஒரு வரிதானேம்மா. வேலை கையை விட்டுப் போயிடும். நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

அடுத்த வீட்டுப் பேக்கரிக்காரர் ஆறுதல் சொல்ல வந்திருந்தார். "தங்கச்சி, அப்பா சொல்றதைக் கேளு. எனக்கு மூணு பிள்ளைங்க. ரெண்டு தடவை போயிருக்கேன். பெரியவன் என்னை விபத்துல அனுப்பினான், சின்னவன் வெள்ளத்துல அனுப்பினான். இப்பப் பாரு, கல்லு மாதிரி இருக்கேன். சுகர் மட்டும்தான். மூணாவது இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கு. அதுக்கும் தயாரா இருக்கேன்."

"வெள்ளம்லாம் வேணாங்க" என்றாள் அம்மா. "இவருக்குச் சளி பிடிச்சுக்கும்."

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "கேள்வி என்னப்பா? பொய் சொல்றது சரியா தப்பான்னு. அதுக்குப் பதில் எழுதவே நான் ஒரு பொய் சொல்லணுமா?"

பேக்கரிக்காரர் அடுப்பில் ரொட்டி கருகும் என்று எழுந்துபோய்விட்டார்.

துணைத் தேர்வுக்குப் போனாள். என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, "அவங்க கேட்டதும் இருக்கு, நான் கேட்டதும் இருக்கு" என்றாள். முடிவு வந்தது. தேர்ச்சி மட்டுமில்லை, முதல் மதிப்பெண். தங்கப் பதக்கம்.

லிஃப்ட்காரர் ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார். பிறகு தனியாக உட்கார்ந்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. இவ்வளவு மார்க் வாங்க வேண்டுமென்றால் தன்னை எப்படிக் கொன்றிருப்பாள்? மனைவியிடம் கேட்டார்.

"நிம்மதியாத்தான் போயிருப்பீங்க" என்றாள் அவள். "நம்ம பொண்ணு, கஷ்டப்படுத்தியிருக்க மாட்டா."

பதக்க விழாவுக்கு அழைப்பு 'வெற்றி பெற்ற மாணவியின் தாயாருக்கு' வந்தது. வாசலில் நின்றவர் லிஃப்ட்காரரைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"தாய்மாமன்" என்றார் லிஃப்ட்காரர். அன்றைக்கு வாதாட அவருக்குத் தெம்பில்லை.

"மாமாங்க எல்லாம் மூணாவது வரிசை."

மூன்றாவது வரிசை முழுக்க மாமாக்கள். பேக்கரிக்காரரும் இருந்தார், மூன்றாவது பிள்ளைக்காக விழாவைப் பழகிக்கொள்ள வந்திருந்தார். எல்லாருக்கும் பிள்ளைகளின் மூக்கு, பிள்ளைகளின் காது. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

கல்லூரி முதல்வர் பேசினார். "இந்த வருஷமும் நம் கல்லூரியில் தேர்ச்சி பெற்ற அத்தனை பேரும் தந்தையை இழந்தவர்கள் என்பதை எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது. மறைந்த அந்தத் தந்தையருக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்போம்."

எல்லாரும் எழுந்தார்கள். மூன்றாவது வரிசையும் எழுந்து, தலையைக் குனிந்து, தங்களுக்குத் தாங்களே அஞ்சலி செலுத்திக்கொண்டது. பேக்கரிக்காரர் கண்ணை மூடியிருந்தார். அனுபவசாலி.

அடுத்து, வழக்கப்படி, தங்கம் வாங்கிய கட்டுரையை மாணவியே படிக்க வேண்டும். மேடையில் இருந்தவர்களுக்கு அது மனப்பாடம். மறுபார்வைக் குழுவின் நான்கு நிபுணர்களும் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்கள். தலைவர் கண்ணை மூடி, உதட்டை அசைத்துக் கூடவே சொல்ல ஆரம்பித்தார்.

"சிறு வயதிலேயே தந்தையை இழந்த நான், தாயின் கண்ணீரில் வளர்ந்தேன்" என்று மகள் படித்தாள். முதல் பத்தி முடிந்தது. இலக்கியத்தாருக்குக் கண்ணீர் நேரத்துக்கு வந்தது.

இரண்டாவது பத்தி: "மேலே உள்ளது மாதிரிக் கட்டுரையில் இருந்து எடுத்தது. இது இல்லாமல் தேற முடியாது என்பதால் எழுதினேன். இனி என் அப்பா. அவர் உயிரோடு இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் ஒரு பொய் சொன்னார்."

தலைவரின் உதடு மட்டும் பழைய கட்டுரையிலேயே கொஞ்ச தூரம் போய்விட்டு நின்றது.

மகள் நிறுத்தவில்லை. மாட்டிக்கொண்ட அம்மாள் வந்தாள், போன் வந்தது, வாயில் கவளம் வந்தது, "கீழதான் நிக்கிறேன்" வந்தது. "அந்தப் பொய் சரியா தப்பா, எனக்கு இன்னும் தெரியவில்லை. முதல் பத்தியில் நான் சொன்ன பொய் தப்பு என்று மட்டும் தெரிகிறது. ஆகவே, அறமே வெல்லும்."

'ஆகவே' வந்தவுடன் அரங்கம் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டது. பிறகுதான் யோசித்தது. மூன்றாவது வரிசையில் எல்லா மாமாக்களும் லிஃப்ட்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

முதல்வர் தலைவரின் காதில், "இதைப் படிச்சீங்களா இல்லையா?" என்றார்.

தலைவருக்கு இரண்டே வழி. படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படித்துவிட்டுத்தான் தங்கம் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கட்டுரையை நாங்கள் ஒரு முறைக்கு மூன்று முறை வரிவரியாகப் படித்தோம். உண்மை! உண்மைதான் இதில் ஒளிர்கிறது. உயிரோடு இருக்கும் ஒரு தந்தையை இவ்வளவு துணிச்சலாக இதுவரை எந்த மாணவரும் எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்பதுதான் என் நீண்டநாள் வருத்தம்! ஆகவே, அடுத்த வருஷத்திலிருந்து இதுவே நம் மாதிரிக் கட்டுரை!"

மகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. வேலையில் சேர்ந்தாள்.

அடுத்த வருஷம் ஊரில் இருந்த அப்பாக்களுக்கெல்லாம் உயிர் வந்தது. தொழில்தான் போயிற்று. எழுதின அறுநூறு பேரின் அப்பாக்களும் லிஃப்ட் மெக்கானிக்குகள். அறுநூறு பேரும் சாப்பிட்டுக்கொண்டே பொய் சொன்னார்கள். அது சரியா தப்பா என்று அறுநூறு பிள்ளைகளுக்கும் மூன்று வருஷமாகத் தெரியவில்லை. அறுநூற்று ஒன்றாவதாக, அப்பா வங்கியில் கேஷியர் என்று உள்ளதை எழுதிய ஒரு பையனை மட்டும், 'தந்தையின் தொழில் பொருத்தமாக இல்லை' என்று சிவப்பு மையில் நிறுத்தி வைத்தார்கள்.

பேக்கரிக்காரர் நொந்துபோனார். "செத்ததே தேவலை அண்ணே. செத்தா யாரும் வேலை சொல்ல மாட்டாங்க. இப்ப பக்கத்துக் கட்டடத்துல லிஃப்ட் நின்னா என்னைக் கூப்பிடறாங்க."

கல்லூரி நிர்வாகம் இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார்கள். பெற்றோரில் இத்தனை மெக்கானிக்குகள் இருக்கும்போது வெளியாளுக்கு எதற்குத் தண்டச் செலவு என்று லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை ஏகமனதாக ரத்து செய்தார்கள். பிள்ளைகள் பொய் எழுதியிருக்கலாமே என்று கிளார்க் மட்டும் கேட்டாராம். "அறத்தாளில் எப்படியய்யா பொய் வரும்?" என்று முதல்வர் வாயை அடைத்துவிட்டார். பழைய லிஃப்டுக்குப் பெயின்ட் அடித்து, ரிப்பன் கட்டி, தலைவரும் நான்கு நிபுணர்களும் முதல் ஆட்களாக ஏறினார்கள்.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அது நின்றது.

உள்ளே இருந்தபடியே ஒவ்வொரு அப்பாவாகப் போன் போட்டார்கள். ஒருவர் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தார். ஒருவர் பல் டாக்டர். நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் தருகிறேன் என்றார். பேக்கரிக்காரர் மட்டும் நல்ல மனசோடு, கையில் மாவோடு ஓடி வந்து, மூடிய கதவைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வேகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியாக நிஜ மெக்கானிக்கின் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டில் இருந்தார். போனை எடுத்தார்.

"மூச்சு முட்டுது… சமயத்தார் மயக்கமாயிட்டார்… நீங்க எங்க இருக்கீங்க?" தலைவரின் குரல் அழுதது. பின்னால் அறத்தார், "நிஜமா வருவானான்னு கேளுங்க, நிஜமான்னு கேளுங்க" என்று அலறுவதும் கேட்டது.

லிஃப்ட்காரர் கவளத்தை விழுங்கினார்.

"வந்துட்டேன் சார். கீழதான் நிக்கிறேன். பயப்படாதீங்க."

போனைக் கவிழ்த்து வைத்தார். எழுந்திருக்கவில்லை. மெதுவாக மகளின் முகத்தைப் பார்த்தார். நான்கு வருஷமாக அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தவித்தவள் அவள். இந்த முறை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

கரண்டியை எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமாப்பா?"